லினக்ஸுக்கு ஓர் ஆல்-இன்-ஒன் பிரிண்டர்: ஸ்கேனரில் இருந்து தேடத் தொடங்கினேன்

பழைய பிரிண்டர் அச்சடித்துக்கொண்டுதான் இருந்தது. ஸ்கேன்தான் நின்றுபோனது.

ஏழு வருஷம் ஓடிய இங்க்ஜெட் ஆல்-இன்-ஒன் அது. கம்பெனியின் தளத்தில் இறக்கிய டிரைவர் பொதிகளை (கணினியையும் பிரிண்டரையும் பேச வைக்கும் நிரல்கள்) வைத்துத்தான் லினக்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அச்சுக்கு ஒரு பொதி, ஸ்கேனுக்கு இன்னொன்று. இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய அன்று ஸ்கேன் பொதி நிறுவ மறுத்தது. அது கேட்கிற ஒரு பழைய நிரல் நூலகம் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல் தொகுப்பு) புதிய பதிப்பில் இல்லை. கம்பெனி அந்தப் பொதியைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. மூலநிரல், அதாவது நிரலர்கள் எழுதிய அசல் வடிவம், வெளியில் இல்லாததால் வேறு யாரும் அதைச் சரிசெய்யவும் முடியாது. கண்ணாடி, விளக்கு, மோட்டார் எல்லாம் நன்றாகவே இருந்தன. நகல் பட்டனை அழுத்தினால் பளிச்சென்று நகல் வந்தது. கணினிக்கு மட்டும் அங்கே ஸ்கேனர் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை.

இரண்டு மாலை உட்கார்ந்து, பழைய நூலகத்தைத் தனியாகக் கொண்டுவந்து வைத்து, எப்படியோ ஓட வைத்தேன். அடுத்த புதுப்பிப்பில் மறுபடியும் போனது. அதே மாதம் கறுப்பு மைத்தலையும் அடைத்துக்கொண்டது. சரி, புதிதாக வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் இந்த முறை ஒரு விஷயத்தில் உறுதியாக இருந்தேன்: கம்பெனியின் டிரைவர் பொதி எதையும் நிறுவாமல் அச்சும் ஸ்கேனும் இரண்டுமே வேலை செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டுத் தேவை சின்னது. மாதத்துக்கு முப்பது, நாற்பது பக்கம் அச்சு. சில மாதங்களில் ஒரு பக்கம்கூட இருக்காது. கலர் எப்போதாவது. ஸ்கேன் மட்டும் அடிக்கடி வேண்டும்: விண்ணப்பங்கள், சான்றிதழ்கள், பில்கள், அப்புறம் அப்பா சேர்த்து வைத்திருக்கும் பழைய பத்திரிகைப் பக்கங்கள். விலை குறைவாக இருக்க வேண்டும், மை செலவும் குறைவாக இருக்க வேண்டும்.

தேடத் தொடங்கியபோது எல்லாரையும் போல நானும் மாடல் எண்ணோடு 'லினக்ஸ் டிரைவர்' என்று சேர்த்துத் தேடினேன். ஓர் அரைநாள் போனபிறகுதான் கேள்வியே தவறு என்று புரிந்தது. டிரைவர் இருக்கிறதா என்பது பழைய கேள்வி. டிரைவரே தேவைப்படாத பிரிண்டரா என்பதுதான் இன்று கேட்க வேண்டியது.

லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிப்பது கப்ஸ் என்ற மென்பொருள். மைக்கேல் ஸ்வீட் 1990-களின் கடைசியில் எழுதியது. பின்னால் ஆப்பிள் அதைத் தன் மேக் இயங்குதளத்துக்கு எடுத்துக்கொண்டது, 2007-இல் கப்ஸையே வாங்கியது. 2010-இல் ஆப்பிள் ஏர்பிரிண்ட்டைக் கொண்டுவந்தது. ஐபோனில் டிரைவர் நிறுவ வழியில்லை, ஆகவே போன் கேட்டால் பிரிண்டரே தன்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும் என்பது அதன் அடிப்படை. என்ன அளவுக் காகிதம் இருக்கிறது, இருபக்கம் அடிப்பாயா, கலர் உண்டா, ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி (டிபிஐ), பக்கத்தை எந்த வடிவில் அனுப்பட்டும் என்று கணினி கேட்கிறது. பிரிண்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்கிறது. இந்தப் பேச்சு நடக்கும் மொழியின் பெயர் ஐபிபி, அதற்கான வாசல் 631-ஆம் எண் போர்ட். இதையே 2013-இல் பிரிண்டர் தயாரிப்பாளர்களின் கூட்டுக்குழு ஐபிபி எவ்ரிவேர் என்ற பொதுத் தரமாக்கியது. ஆண்ட்ராய்டு பக்கம் மோப்ரியா என்ற முத்திரை வந்தது.

யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதில் என்ன லாபம் என்றால், போனுக்காகப் பிரிண்டருக்குள் வைத்த அந்த அறிவை லினக்ஸும் அப்படியே பயன்படுத்திக்கொள்ள முடிகிறது. பெட்டியின் மேல் லினக்ஸின் சின்னமான பெங்குவின் படம் இருக்காது. ஏர்பிரிண்ட் முத்திரை இருக்கும். எனக்கு இன்று அதுதான் லினக்ஸ் முத்திரை. கப்ஸின் அடுத்த பெரிய பதிப்பான 3-இல் பழைய பாணி டிரைவர் கோப்புகளையே எடுத்துவிடப்போகிறார்கள் என்பதால், பத்து வருஷம் ஓட வேண்டிய பொருளை வாங்குகிறவர் இந்த முத்திரை இல்லாமல் வாங்குவது சரியில்லை.

ஒரு பிரிண்டரின் மென்பொருளைத் திருத்த முடியாமல் போன கோபத்துக்குக் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் வரலாற்றில் தனி இடம் உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு வந்த செராக்ஸ் லேசர் பிரிண்டரில் காகிதம் சிக்கினால் எல்லாருக்கும் தகவல் போகிற வசதியைச் சேர்க்க அங்கே நிரலராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார். மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. 1983-இல் அவர், முழுக்கக் கட்டற்ற ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்தார். என் பழைய ஸ்கேனருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மாலைகளும் இந்தக் கதைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஆனால் ஏர்பிரிண்ட்டோடு நின்றுவிடக் கூடாது. அது அச்சுக்கான உறுதி. ஆல்-இன்-ஒன் வாங்கி ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் ஸ்கேனில்தான் ஏமாறுகிறார்கள், நானும் அப்படித்தான் மாட்டினேன். அதனால் தேடலை ஸ்கேனர் பக்கத்தில் இருந்து தொடங்கினேன்.

லினக்ஸில் ஸ்கேனர்களைக் கவனிப்பது சேன் என்ற கட்டமைப்பு. அதன் அடியில் ஒவ்வொரு வகை ஸ்கேனருக்கும் ஒரு பின்னணி நிரல் இருக்கும். பழைய காலத்தில் கம்பெனிக்கு ஒன்று, மாடல் வரிசைக்கு ஒன்று என்று டஜன் கணக்கில் இருந்தன. இப்போது வரும் வைஃபை ஆல்-இன்-ஒன்களில் பெரும்பாலானவை ஈஎஸ்சிஎல் என்ற பொது முறையில் ஸ்கேன் தருகின்றன. ஏர்பிரிண்ட்டின் ஸ்கேன் பாதி இது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே நடப்பது சாதாரண இணையப் பரிமாற்றம்தான்: கணினி 'இந்த அளவு, இத்தனை டிபிஐ, சாம்பல் நிறம்' என்று ஒரு கோரிக்கை அனுப்புகிறது, பிரிண்டர் படத்தைத் திருப்பித் தருகிறது. விண்டோஸ் உலகில் டபிள்யூஎஸ்டி என்று இன்னொரு முறை உண்டு. அலெக்சாண்டர் பெவ்ஸ்னர் எழுதிய சேன்-ஏர்ஸ்கேன் என்ற பின்னணி நிரல் இரண்டையும் பேசும். அவரே எழுதிய ஐபிபி-யுஎஸ்பி என்ற சேவை, வைஃபை இல்லாமல் கேபிளில் இணைத்தாலும் இதே முறையில் அச்சும் ஸ்கேனும் ஓட வழி செய்கிறது. டெபியன் என்ற லினக்ஸ் வகையில், 2021-இல் வந்த 11-ஆம் பதிப்பு முதல் இவை வழக்கமான நிறுவலோடே வருகின்றன.

ஆகவே என் சல்லடை இப்படி அமைந்தது. சேன்-ஏர்ஸ்கேன் திட்டப் பக்கத்தில், சோதித்துப் பார்த்தவர்கள் சொன்ன கருவிகளின் பட்டியல் இருக்கிறது. மாடல் அதில் இருக்கிறதா, குறைந்தது அதே வரிசையின் அண்ணனோ தம்பியோ இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். அப்புறம் ஐபிபி எவ்ரிவேர் சான்று பெற்ற பிரிண்டர்களின் பட்டியல். அதன் பிறகுதான் கம்பெனியின் தளத்தில் இருக்கும் விவரக்குறிப்பு. அதில் 'லினக்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று நான் தேடவே இல்லை. ஏர்பிரிண்ட், மோப்ரியா இரண்டும் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தேன்.

கம்பெனிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். எச்பி தன் எச்பிலிப் என்ற லினக்ஸ் டிரைவர் மென்பொருளைத் திறமூலமாக (மூலநிரலோடு) தருகிறது, எந்த மாடலுக்கு எவ்வளவு ஆதரவு என்ற பட்டியலும் தெளிவாக இருக்கிறது. ஆனால் சில மாடல்களுக்கு அதன்மேல் மூடிய நிரல் இணைப்பு ஒன்றையும் நிறுவச் சொல்லும். பட்டியலில் அந்தக் கட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். பிரதர் அச்சுக்கும் ஸ்கேனுக்கும் லினக்ஸ் பொதிகள் வெளியிடுகிறது, ஆனால் அவற்றில் பெரும்பாலானவை இன்டெல் வகைக் கணினிகளுக்கு மட்டும். ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினி போன்ற, ஆர்ம் வகைச் செயலி உள்ள கருவியில் வைக்க நினைத்தால் அவை உதவாது. அந்தக் குறையை ஓரளவு தீர்க்க பிஆர்லேசர் என்ற, கம்பெனிக்கு வெளியே இருப்பவர்கள் எழுதிய டிரைவர் இருக்கிறது. எப்சன், கேனன் இரண்டும் லினக்ஸ் பொதி தருகின்றன. கேனனின் பழைய சிறு லேசர் மாடல்களில் இருந்த கேப்ட் முறை லினக்ஸ்காரர்களைப் படாத பாடு படுத்தியது. பழைய பிரிண்டரை இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் அந்தப் பெயரைப் பார்த்தால் ஒதுங்கிவிடுவது நல்லது. மற்றபடி, டிரைவர் தேவைப்படாத மாடலை எடுத்தால் இந்தக் கம்பெனி வேறுபாடுகளில் பாதி மறைந்துவிடுகின்றன. அந்த நிம்மதியே பெரிது.

விலைப் பட்டியலின் அடிமட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே வரிசையில் மூன்று மாடல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். எண் ஒன்றேதான், கடைசி எழுத்து மட்டும் வேறு. டபிள்யூ என்றால் வைஃபை, என் என்றால் நெட்வொர்க் கேபிள், டி என்றால் இருபக்க அச்சு. எழுத்தே இல்லாத மாடல்தான் எல்லாவற்றிலும் மலிவு. அது யுஎஸ்பி மட்டும் உள்ளதாக இருக்கும். மிக மலிவான யுஎஸ்பி மாடல்கள் பலவற்றில் பிரிண்டருக்குள் பக்கத்தைப் புரிந்துகொள்ளும் அறிவு கிடையாது. அந்த வேலை முழுவதையும் கணினியில் இருக்கும் கம்பெனி டிரைவர்தான் செய்யும், அந்த டிரைவர் விண்டோஸுக்கு எழுதியதாக இருக்கும். வைஃபை தேவையே இல்லை, கேபிளே போதும் என்கிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: டபிள்யூ உள்ள மாடலை வாங்குங்கள். வைஃபையைப் பயன்படுத்தாவிட்டாலும் அதோடு வருகிற ஏர்பிரிண்ட் அறிவுக்காக வாங்க வேண்டும்.

இன்னொன்று. எச்பி மாடல் பெயரின் கடைசியில் ஈ என்ற ஆங்கில எழுத்து ஒட்டியிருந்தால், அது எச்பி பிளஸ் திட்டத்துக்கான மாடல். அந்தத் திட்டத்தில் சேர்ந்துவிட்டால் பிரிண்டர் எப்போதும் இணையத்தில் இருக்க வேண்டும், அசல் மை மட்டுமே போட வேண்டும். சேரும் முன்பு நிபந்தனைகளை முழுதாகப் படித்துவிடுங்கள். என் பொருள் என் வீட்டில் என் கணினியோடு பேசினால் போதும் என்று நினைப்பவன் நான், அதனால் அந்த எழுத்து உள்ளவற்றை விட்டுவிட்டேன்.

மையா டோனரா என்பதில் எனக்கு அதிகம் குழப்பம் இல்லை. டேங்க் வைத்த இங்க்ஜெட்களில் பக்கத்துக்கு ஆகும் செலவு மிகக் குறைவு, கலரும் வரும். வாரம் தவறாமல் அச்சடிக்கிற வீட்டுக்கு அதுதான் சரி. எங்கள் வீட்டில் மூன்று வாரம் தொடாமல் கிடக்கும். மை காயும், சுத்தம் செய்யச் சொன்னால் அந்தச் சுத்தத்துக்கே மை செலவாகும், அந்தக் கழிவு மை உள்ளே ஒரு பஞ்சில் சேர்ந்துகொண்டே போகும். லேசர் பிரிண்டரில் மைக்குப் பதில் இருக்கும் டோனரோ பொடி, காயாது. ஆறு மாதம் கழித்துத் திறந்தாலும் முதல் பக்கமே கறுப்பாக வரும். அதனால் கறுப்பு-வெள்ளை லேசர் ஆல்-இன்-ஒன் என்று முடிவு செய்தேன். கலர் ஸ்கேன் அதிலும் உண்டு. கலர் இல்லாதது அச்சில் மட்டும்தான்.

செலவை ஒப்பிடும்போது பிரிண்டர் விலையோடு நிறுத்தாதீர்கள். டோனர் விலையை அது தரும் பக்கங்களால் வகுத்துப் பாருங்கள். பக்கக் கணக்கு ஐஎஸ்ஓ 19752 தரப்படி சொன்னதா என்று பாருங்கள். கறுப்பு-வெள்ளை லேசருக்கு அதுதான் அளவுகோல். கலர் இங்க்ஜெட்டுக்கு 24711. பெட்டியோடு வரும் டோனர் பெரும்பாலும் தொடக்க டோனர். முழு டோனரை விடக் குறைவாகவே பக்கம் தரும். சில கம்பெனிகளில் டோனரைத் தாளுக்கு மாற்றும் டிரம் என்ற உருளை தனி, அதற்கும் ஓர் ஆயுள் உண்டு. டிரம் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட்டபோது, என் பட்டியலில் முதல் இடத்தில் இருந்த மாடல் மூன்றாம் இடத்துக்குப் போனது.

வாங்கும் முன் ஒரு வேலை செய்தேன். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். நான் குறித்து வைத்திருந்த மாடல் ஒன்று தங்கை வீட்டில் இருந்தது. ஒரு பென்டிரைவில் லைவ் லினக்ஸை (கணினியில் நிறுவாமல் பென்டிரைவில் இருந்தே ஓடுவது) ஏற்றிக்கொண்டு லேப்டாப்போடு போனேன்.

"அண்ணா, இதுல ஏதாவது மாத்திடுவியா? மாப்பிள்ளை ஆபீஸ் வேலை எல்லாம் இதுலதான் பண்றாரு."

"ஒண்ணும் மாத்த மாட்டேன்மா. உன் வைஃபை பாஸ்வேர்டு மட்டும் சொல்லு."

லைவ் லினக்ஸ் மேலெழுந்ததும் வைஃபையில் சேர்ந்தேன். எதையும் நிறுவவில்லை. டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து நாலு வரி தட்டி அச்சு என்று கொடுத்தேன். திறந்த அச்சுச் சாளரத்தில் பிரிண்டரின் பெயர் தானாக வந்து நின்றது. அமைப்புகளுக்குள் போய்ச் சேர்க்கவே இல்லை. கப்ஸ் தேவைப்படும்போது மட்டும் தற்காலிகமாக ஓர் அச்சு வரிசையை உண்டாக்கிக்கொள்கிறது. பக்கம் வந்தது. அப்புறம் ஆவண ஸ்கேனர் செயலியைத் திறந்தேன். ஸ்கேனரும் பட்டியலில் இருந்தது. 300 டிபிஐயில் ஒரு பக்கம், 600-இல் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்தேன். மேலே காகிதம் ஊட்டும் ஏடிஎஃப் தட்டில் ஐந்து தாள் வைத்து எடுத்தேன். மொத்தமே பத்து நிமிஷம். எத்தனையோ விமர்சனங்கள் படித்ததில் கிடைக்காத உறுதி அந்தப் பத்து நிமிஷத்தில் கிடைத்தது.

மாடல் எண்ணை இங்கே எழுதவில்லை. எண்கள் சீக்கிரம் மாறிவிடும், இந்தச் சோதனை மாறாது. தெரிந்தவர் வீட்டில், அலுவலகத்தில், எங்கே அந்த மாடல் இருந்தாலும் ஒரு பென்டிரைவ் போதும்.

பெட்டி வந்த அன்று முதல் சிக்கல், அதை வைஃபையில் சேர்ப்பது. கையேட்டில் போன் செயலியை நிறுவச் சொல்லியிருந்தது. தேவையில்லை. பிரிண்டரில் இரண்டு வரிச் சின்னத் திரையும் அம்புப் பட்டன்களும் இருந்தன. அதிலேயே வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்துப் பாஸ்வேர்டை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன், நேரம் ஆனாலும் சேர்ந்துவிட்டது. திரையே இல்லாத மாடல் என்றால் ரௌட்டரின் டபிள்யூபிஎஸ் பட்டனை அழுத்திச் சேர்க்கலாம். அந்தப் பட்டன் இல்லாத ரௌட்டர் வைத்திருப்பவர்கள் திரை உள்ள மாடலாகவே பார்த்து வாங்குங்கள். இப்படிப்பட்ட பல பிரிண்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

சேர்ந்தபிறகும் லேப்டாப்பில் பிரிண்டர் தெரியவில்லை. அரை மணி நேரம் தேடினேன். பிரிண்டரின் திரையில் ஐபி முகவரி இருக்கிறது, லேப்டாப்பில் இணையம் வருகிறது, ஆனால் ஒன்றை ஒன்று பார்க்கவில்லை. கடைசியில் பார்த்தால் லேப்டாப் விருந்தினர் வைஃபையில் இருந்தது. விருந்தினர் வலையில் இருக்கும் கருவிகள் வீட்டு வலையில் இருப்பவற்றோடு பேசாதபடி ரௌட்டரே தடுத்து வைக்கும். மாற்றியதும் உடனே தெரிந்தது. அப்படியும் தெரியாவிட்டால், கணினிக்கு வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வாலைப் பாருங்கள். பிரிண்டர் தன் பெயரைக் கூவிச் சொல்வது யுடிபி 5353 என்ற போர்ட் வழியாக. அது அடைபட்டிருந்தால் கணினிக்குக் காது கேட்காது.

அச்சுச் சாளரத்தில் ஒரே பிரிண்டர் இரண்டு பெயரில் தெரிந்தது. ஒன்று கப்ஸின் தற்காலிக வரிசை, இன்னொன்று கப்ஸ்-பிரௌஸ்டு என்ற துணைச் சேவை உண்டாக்கியது. 2024 செப்டம்பரில் பெரிதாகப் பேசப்பட்ட பாதுகாப்பு ஓட்டை இந்தத் துணைச் சேவையில்தான் தொடங்கியது. யுடிபி 631-இல் யார் வந்து 'நான் பிரிண்டர்' என்று சொன்னாலும் அது நம்பியது. திருத்தம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தச் சேவையே தேவைப்படவில்லை. நிறுத்திவிட்டேன். இரட்டைப் பெயரும் போனது.

முதல் சோதனைப் பக்கத்தைத் தமிழில்தான் அடித்தேன். தமிழ் எழுத்துக்கு ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு சோதனை இருக்கிறது: புள்ளி. 8 பாயிண்ட் எழுத்தளவில் 'கண், கண, மன், மன, அவள், அவள' என்று வரிசையாகத் தட்டி, சாதாரணத் தரத்தில் ஒரு முறையும் டோனர் சேமிப்பில் ஒரு முறையும் அடித்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். சாதாரணத் தரத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனியாக, உருண்டையாக நின்றது. டோனர் சேமிப்பில் எழுத்தின் உடல் வெளிறினாலும் படிக்க முடிந்தது, ஆனால் புள்ளிகள் பாதி கரைந்திருந்தன. 'ன்' எது 'ன' எது என்று தடவிப் பார்க்க வேண்டிய நிலை. ஆங்கிலக் கடிதத்துக்கு அந்தச் சேமிப்பு போதும். தமிழில் சின்ன எழுத்தில் அடிக்கிறவர்கள் அதை அணைத்து வையுங்கள். எழுத்து உடைவது, கொம்பு இடம் மாறுவது எதுவும் இல்லை. டிரைவர் இல்லாத முறையில் இந்த வகை மலிவான பிரிண்டருக்குக் கணினி பக்கத்தைப் படமாகவே வரைந்து அனுப்புகிறது. பிரிண்டருக்குத் தமிழ் எழுத்துரு தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

ஸ்கேனில் நானே ஒரு தவறு செய்தேன். வைஃபையில் எல்லாம் நன்றாக ஓடும்போதே, 'எதற்கும் இருக்கட்டும்' என்று கம்பெனியின் ஸ்கேன் பொதியையும் நிறுவிவிட்டு, யுஎஸ்பி கேபிளையும் சொருகினேன். ஆவண ஸ்கேனர் செயலியில் இப்போது மூன்று ஸ்கேனர்கள். நான் தேர்ந்தெடுத்த ஒன்று 'கருவி வேறு வேலையில் இருக்கிறது' என்று திரும்பத் திரும்பச் சொன்னது. காரணம் இதுதான்: கேபிளைச் சொருகியதும் ஐபிபி-யுஎஸ்பி சேவை பிரிண்டரைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. கம்பெனிப் பொதியும் அதே கேபிள் வழியாக அதே கருவியைப் பிடிக்கப் பார்க்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடிக்க முடியும். கம்பெனிப் பொதியை நீக்கியதும் சரியானது. கேபிளிலேயே இப்போது ஸ்கேன் எடுக்கிறேன், வைஃபையை விடப் பக்கங்கள் சுறுசுறுப்பாக வருகின்றன. டெர்மினலில் ஸ்கேன்இமேஜ் கட்டளையில் பட்டியல் கேட்டால் ஒரே கருவி இரண்டு முறை தெரிகிறது, ஒன்று ஈஎஸ்சிஎல் என்றும் மற்றொன்று ஏர்ஸ்கேன் என்றும். இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற வெவ்வேறு பின்னணி நிரல்கள். நான் ஏர்ஸ்கேனை எடுத்துக்கொள்கிறேன்.

கிடைக்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிரிண்டரில் இருக்கும் 'கணினிக்கு ஸ்கேன்' பட்டன் இந்த முறையில் வேலை செய்யாது. ஸ்கேனைக் கணினியில் இருந்துதான் தொடங்க வேண்டும். நகல் பட்டனுக்குக் கணினியே தேவையில்லை என்பதால் அது எப்போதும்போல ஓடும். டோனர் நிலவரம் அமைப்புகளில் தெரிகிறது. மற்ற அமைப்புகள் எல்லாம் பிரிண்டரின் ஐபி முகவரியை உலாவியில் தட்டினால் வரும் பக்கத்திலேயே இருக்கின்றன: தூங்கும் நேரம், நிர்வாகி பாஸ்வேர்டு, ஃபர்ம்வேர் என்கிற உள்மென்பொருள். ஆலையில் வைத்த நிர்வாகி பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றினேன்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. லேசர் பிரிண்டர் டோனரை உருக்கித் தாளில் ஒட்டுகிறது. அதற்கான உருளை ஏறத்தாழ 200 டிகிரிக்குச் சூடாக வேண்டும். சூடேறும் அந்தச் சில நொடிகளில் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம். கணினிக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் இதைச் சொருகாதீர்கள், நேராகச் சுவரில் சொருகுங்கள்.

அப்பாவின் பத்திரிகைப் பக்கங்களை 300 டிபிஐ சாம்பல் நிறத்தில் எடுத்து, டெசராக்ட் வழியாக எழுத்தாக்கிப் பார்த்தேன். 1985-இல் எச்பி ஆய்வகத்தில் பிறந்து 2005-இல் திறமூலமான மென்பொருள் அது. தமிழ்ப் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும். ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கருவி அதை வைத்துப் பிடிஎஃப்பைத் தேடக்கூடியதாக மாற்றித் தருகிறது. புதிய அச்சில் நன்றாகவே வந்தது. பழைய பக்கங்களில் துணைக்கால் பல இடங்களில் 'ர' ஆகிவிட்டது. 'னை', 'லை' எல்லாம் யானைத்துதிக்கை போட்டு அச்சான காலத்துப் பக்கங்களில் அந்த எழுத்துகளை அது பிடிக்கவே இல்லை. 400 டிபிஐயில் எடுத்தபோது பத்தியின் ஓரங்களில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது, துதிக்கை எழுத்துகளில் மாற்றம் இல்லை. அவற்றைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம் ஆகிறது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்கிறார், நான் தட்டுகிறேன்.

வாங்கி நான்கு மாதம் ஆகிறது. இதற்கிடையில் இயங்குதளம் ஒரு முறை பதிப்பு மாறியது. மாறிய அன்று இரவே ஒரு பக்கம் அடித்து, ஒரு பக்கம் ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன். இரண்டும் வந்தன. பிரிண்டரின் பின்புறம் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்: வாங்கிய தேதி, டோனரின் மாடல் எண், டிரம்மின் மாடல் எண், ரௌட்டரில் இதற்கென்று நிரந்தரமாக ஒதுக்கிய ஐபி முகவரி. அதற்குக் கீழே மாதா மாதம் பக்க எண்ணிக்கையைப் பென்சிலால் குறிக்கிறேன். இன்று 163.